அத்தா விட்டுச் சென்ற நிலத்தில் உங்கள் பங்கு: பாகப்பிரிவினை வழக்கைத் தொடங்குவது எப்படி?

அத்தா மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. அண்ணன் ஒரு கார் பிடித்துக்கொண்டு வந்து தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துதாம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்பார். அழுத கண்ணோடு போன தங்கைகள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, கைரேகை வைத்துவிட்டு வருவார்கள். ஆளுக்கொரு புடவையும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். சில ஆண்டுகள் கழித்துத் தன் மகளின் நிக்காஹ் செலவுக்கு வழியில்லாமல் நிற்கும்போதுதான், அன்று கையெழுத்திட்டது பட்டா மனு அல்ல, தன் பங்கையே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று ஒரு சகோதரிக்குத் தெரியவரும்.

ஆள் மாறும், ஊர் மாறும், ஆனால் இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. ஜமாஅத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. வந்து கேட்கும் சகோதரிகளில் பெரும்பாலோர் முதலில் சொல்வது, "கோர்ட்டுக்கெல்லாம் போற ஆள் நாங்க இல்ல" என்பதுதான். நீதிமன்றம் என்பது சண்டைக்காரர்கள் போகும் இடம் என்ற பயம் நம்மில் ஊறியிருக்கிறது. அந்தப் பயம் தீர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். வாரிசுப் பங்குக்காக உரிமையியல் வழக்குத் தொடுப்பது எப்படி, அதற்கு முன் செய்ய வேண்டியவை என்ன, வழக்கு எந்த இடத்தில் முடிகிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

பங்கு எப்போது நம்முடையதாகிறது?

முதலில் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்வோம். முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தில், ஒருவர் மௌத்தான அந்த நொடியிலேயே வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு உரிமையாகிவிடுகிறது. அண்ணன் கொடுத்தால்தான் வரும் என்பதோ, ஜமாஅத் எழுதிக் கொடுத்தால்தான் வரும் என்பதோ, நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால்தான் வரும் என்பதோ இல்லை. நீதிமன்றம் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்ட பங்கை அறிவித்து, அளந்து, பிரித்துத் தருகிறது. கேட்கும் சகோதரி யாசகம் கேட்கவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இதன் மறுபக்கமும் உண்டு. உயிரோடு இருப்பவரின் சொத்தில் யாருக்கும் பங்கு கிடையாது. அத்தா இருக்கும்போதே "என் பாகத்தைப் பிரித்துக் கொடுங்கள்" என்று மகனும் கேட்க முடியாது, மகளும் கேட்க முடியாது. பிறந்ததுமே பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற முறை நம் சட்டத்தில் இல்லை.

அதே காரணத்தால், அத்தா இருக்கும்போதே திருமண நேரத்தில் மகளிடம் "இனி எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கும் காகிதம், அதுவரை பிறக்காத ஓர் உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதம். அது சட்டப்படி செல்லாது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு ராவுத்தர் குடும்பத்தின் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், இப்படி எழுதிக் கொடுத்தவர் அதற்கு ஈடாகப் பணமோ பொருளோ பெற்றிருந்தால், பிறகு வந்து பங்கு கேட்க முடியாதபடி அவருடைய சொந்த நடத்தையே தடையாக நிற்கலாம் என்று கூறியது. ஆகவே செல்லாத காகிதம்தானே என்று அலட்சியமாகக் கையெழுத்திட வேண்டாம்.

"நகை போட்டோம், சீர் செஞ்சோம், அதுதான் உன் பங்கு" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அத்தா தம் வாழ்நாளில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. மகனைப் படிக்க வைத்ததையும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கடன் வாங்கியதையும் யாரும் அவன் பங்கில் கழிப்பதில்லை. மகளின் நகையும் அப்படித்தான்.

நஞ்சையில் பெண்ணுக்குப் பங்கு இல்லையா?

நம் பகுதி விவசாயப் பகுதி. கோமுகி, மணிமுக்தா பாசனத்தில் நெல்லும் கரும்பும், கல்வராயன் மலை அடிவாரத்து மேட்டு நிலங்களில் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்றன. எனவே நம் குடும்பங்களில் சொத்து என்றால் பெரும்பாலும் நிலம்தான். "வீட்டுல பங்கு உண்டு, நெலத்துல பொண்ணுக்குக் கிடையாது" என்று சில பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1937-இல் வந்த ஷரீஅத் சட்டம், வாரிசுரிமையில் ஊர் வழக்கத்தை நீக்கி முஸ்லிம் தனியார் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்றது. ஆனால் விவசாய நிலத்தை அது விலக்கி வைத்திருந்தது. விவசாய நிலம் அன்றைக்கு மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே காரணம். அதன்பின் சென்னை மாகாணம் 1949-இல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. அன்று முதல் நம் பகுதியில் வீட்டுக்கு எந்தச் சட்டமோ, நஞ்சைக்கும் புஞ்சைக்கும் அதே சட்டம்தான். இனி யாராவது ஊர் வழக்கம் என்று சொன்னால், அந்த வழக்கத்துக்கு 1949-லேயே முடிவு கட்டியாகிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

யாருக்கு எவ்வளவு?

பங்கு பிரிப்பதற்கு முன் மூன்று செலவுகள் இருக்கின்றன. முதலில் ஜனாஸாச் செலவு. அடுத்தது மய்யித்தின் கடன்கள். மனைவிக்குக் கொடுக்காமல் நிலுவையில் இருக்கும் மஹரும் கடன்தான், அதைத் தீர்த்த பிறகே பங்குப் பேச்சு. மூன்றாவது வஸிய்யத். மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்ய முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கே வஸிய்யத் எழுதியிருந்தால், மற்ற வாரிசுகள் அவர் மௌத்துக்குப் பின் சம்மதித்தால்தான் அது செல்லும்.

அதன் பிறகு ஃபராயிள் கணக்கு. சூரா நிஸாவின் 11, 12, 176-ஆம் வசனங்கள் இதற்கு அடிப்படை. ஓர் உதாரணம்: ஒருவர் 4 ஏக்கர், அதாவது 400 சென்ட் நிலம் விட்டுச் சென்றார். தாய் தந்தை முன்பே காலமாகிவிட்டனர். இருப்பவர்கள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 50 சென்ட். மீதி 350 சென்ட்டில் மகனுக்கு இரண்டு பாகம், மகள்களுக்கு ஒவ்வொரு பாகம். எனவே மகனுக்கு 175 சென்ட், ஒவ்வொரு மகளுக்கும் 87½ சென்ட். மய்யித்தின் தாய் உயிருடன் இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று போன பிறகே பிள்ளைகளுக்கு மீதி வரும்.

மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் கணக்கு மாறும். மனைவியும் இரண்டு மகள்களும் உடன்பிறந்த சகோதரர் ஒருவரும் இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, மீதி சகோதரருக்கு. பெரியப்பா, சித்தப்பா வாரிசாக வருவது இப்படித்தான். பாகப் பத்திரத்திலும் சரி, வழக்கிலும் சரி, இவரை விட்டுவிட்டால் பின்னால் சிக்கல் வரும்.

அத்தாவுக்குப் பின் இறந்த மகளின் பங்கு அவளுடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அத்தாவுக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கோ, வேறு மகன் உயிருடன் இருந்தால், வாரிசுப் பங்கு இல்லை. அப்படிப்பட்ட பேரப்பிள்ளைகளுக்காகத்தான் மூன்றில் ஒன்று வரை வஸிய்யத் செய்யும் வழி இருக்கிறது. தாத்தாமார்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கணக்கைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமோ ஃபராயிள் தெரிந்த ஆலிமிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது அந்தக் காகிதம் பெரிய உதவி.

எந்த நீதிமன்றம்?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் உறவினர்கள் ஷரீஅத் நீதிமன்றத்தில் பங்குச் சான்று வாங்கியதாகவும், புரொபேட் எடுத்ததாகவும் சொல்வார்கள். அங்கே அந்த முறை. நம் மாவட்டத்தில் வாரிசுச் சொத்துக்கென்று தனி நீதிமன்றம் கிடையாது. புரொபேட் என்பது உயிலை நீதிமன்றம் மெய்ப்பித்துத் தரும் உத்தரவு. முஸ்லிம் எழுதிய வஸிய்யத்துக்கு அப்படி ஓர் உத்தரவு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியச் சட்டத்தில் இல்லை. வஸிய்யத்தில் தகராறு இருந்தால் அதையும் சாதாரண உரிமையியல் வழக்கிலேயே விசாரிப்பார்கள்.

நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும். நீங்கள் வாழ்க்கைப்பட்டுப் போனது சேலமாக இருந்தாலும், நிலம் சங்கராபுரம் பக்கம் என்றால் வழக்கு இங்கேதான். சொத்துகள் இரண்டு எல்லைகளில் இருந்தால் ஏதாவது ஒன்றில் தொடுக்கலாம். சொத்தின் மதிப்பைப் பார்த்து மாவட்ட முன்சீப் நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்று வழக்கறிஞர் முடிவு செய்வார்.

வழக்குக்கு முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே நீங்கள் செய்யக்கூடிய வேலை இது. பாதி வழக்கு இந்தப் பையில்தான் இருக்கிறது.

1. இறப்புச் சான்றிதழ்.

2. வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின் வட்டாட்சியர் தருவார். வாரிசுகள் யார் என்பதைத்தான் அது சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதில் உங்கள் பெயரை விட்டுவிட்டார்கள் என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் உடனே ஆட்சேபணை மனு கொடுத்து, அதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. மனைவிக்கு நிக்காஹ் பதிவேட்டின் நகல். பள்ளிவாசல் தஃப்தரில் கேட்டு வாங்கலாம்.

4. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம்.

5. மூலப்பத்திரம். அது அண்ணன் பெட்டியில் இருந்தால் கவலை வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

6. வில்லங்கச் சான்று. எத்தனை ஆண்டு பின்னால் போக முடியுமோ அத்தனை ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் எழுதிய விடுதலைப் பத்திரமும், தானப் பத்திரமும், கிரயமும் இதில்தான் வெளியே வரும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம், 1993-க்கு முன் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம். எனவே தாத்தா காலத்துப் பத்திரத்தில் "தென்னாற்காடு ஜில்லா" என்றுதான் இருக்கும். மாவட்டப் பெயர் வேறாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பழைய சர்வே எண்ணுக்கும் இன்றைய உட்பிரிவு எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

"பட்டா என் பேர்ல இருக்கு" என்று அண்ணன் சொன்னால் அதோடு கதை முடிந்துவிடாது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலப்பதிவேடு புதுப்பிக்கும் பணியில் ஏறிய பெயர்களே இன்றும் பல பட்டாக்களில் தொடர்கின்றன. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

முதலில் பேசிப் பாருங்கள்

வழக்கு கடைசிப் படி. அதற்கு முன் குடும்பப் பெரியவர்கள், முத்தவல்லி, ஹஜ்ரத் முன்னிலையில் உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு முடிந்தால் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு உட்பிரிவு செய்து அவரவர் பெயரில் தனிப்பட்டா வாங்க வேண்டும். பதியாத ஒப்பந்தம் அடுத்த தலைமுறையின் வழக்குக்கு விதை.

ஜமாஅத் சமரசம் செய்யலாம், பங்கைக் கணக்கிட்டுச் சொல்லலாம். நிலத்தை அளந்து கொடுக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனால், "ஜமாஅத்தில் இருக்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வழக்கறிஞர் மூலம் பங்கு கேட்டு ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். பல வீடுகளில் அந்தப் பதிவுத் தபாலே பேச்சை முடித்துவைக்கும்.

பிராதில் என்ன இருக்க வேண்டும்?

வழக்குத் தொடுக்கும் மனுவுக்குப் பிராது என்று பெயர். வழக்கறிஞர்தான் எழுதுவார். ஆனால் கையெழுத்திடுமுன் நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும், படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பார்க்க வேண்டியவை இவை.

எல்லா வாரிசுகளும் வழக்கில் இருக்கிறார்களா? கேட்பவர் வாதி. மற்ற அனைவரும், உங்களுக்கு ஆதரவாக இருக்கும் அம்மாவும் தங்கையும்கூட, வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்தாக வேண்டும். நிலத்தில் ஒரு பகுதியை யாராவது வாங்கியிருந்தால் அவரையும் சேர்க்க வேண்டும். அண்ணன் முழு நிலத்தையும் விற்றிருந்தாலும் அவருடைய பங்கு மட்டுமே வாங்கியவருக்குப் போகும்.

எல்லாச் சொத்துகளும் சொத்து விவரத்தில் வந்துவிட்டனவா? ஊர், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை சரியா? வீட்டை மட்டும் போட்டு நிலத்தை விட்டுவிட்டால், பகுதிச் சொத்துக்கு மட்டும் பாகம் கேட்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

அத்தா மௌத்தான தேதி, பங்கு கேட்ட தேதி, மறுத்த தேதி ஆகியவை இருக்கின்றனவா? பங்கைப் பிரித்துத் தருவதோடு, இதுவரை வந்த விளைச்சல் அல்லது வாடகையில் உங்கள் பங்கையும் கேட்டிருக்கிறதா? கேட்காததை நீதிமன்றம் தராது.

நிலத்தை விற்கப் பார்க்கிறார்கள் என்றால், பிராதோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேட்டு மனுப் போட வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது யார் வாங்கினாலும் அவரையும் தீர்ப்புக் கட்டுப்படுத்தும். ஆனாலும் தடை உத்தரவு இருந்தால் வீண் சிக்கல் மிச்சம்.

கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்கள் என்ன செய்வது? பட்டா மனு என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏமாற்றம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே கெடு. தெரிந்த பின் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

செலவுக்கு என்ன செய்வது?

சகோதரிகளைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்குகளுக்கான நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சொத்தின் அனுபவத்திலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டவர், தம் பங்கின் மதிப்பில் இந்தக் கட்டணம் கட்ட வேண்டும். கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவருக்கு, மதிப்பு எவ்வளவானாலும் ஒரு நிலையான சிறு தொகைதான். உண்மை நிலையை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொன்னால் எது பொருந்தும் என்று அவர் பார்ப்பார்.

அதைவிட முக்கியமானது இது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் வழக்கறிஞரை நியமித்துத் தருவார்கள். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் கேட்கலாம். இது யாருடைய தயவும் அல்ல, சட்டம் தரும் உரிமை.

பிராது போட்ட பிறகு

பிராதைச் சரிபார்த்து எண் கொடுப்பார்கள். அசல் வழக்கு என்பதால் எண்ணுக்கு முன் அ.வ. அல்லது ஓ.எஸ். என்று வரும். இ-கோர்ட்ஸ் செயலியில் பார்ப்பதற்கு 16 எழுத்துகள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்றும் கிடைக்கும். இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த வாய்தா எப்போது என்பதை உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

பிரதிவாதிகளுக்குச் சம்மன் போகும். சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் அவர்கள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணம் ஏற்றால் 90 நாள்வரை நீட்டிக்கலாம். வராமலே இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரலாம். பிறகு எழுவினாக்கள் வகுத்து, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை. அன்று நீங்கள் கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

நடுவில் எந்த நேரத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

முதல் தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள்

பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். இதைத் தெரியாமல் பாதி வழியில் நின்றுவிட்டவர்கள் நிறையப் பேர். முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. இன்னாருக்கு 32-இல் 7 பங்கு என்று அது அறிவிக்கும், அவ்வளவுதான். "கேஸ் ஜெயிச்சாச்சு" என்று பிரியாணி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், நிலம் அண்ணன் கையிலேயே இருக்கும்.

அடுத்து இறுதித் தீர்ப்பாணை வாங்க வேண்டும். நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும். அவர் நில அளவையரோடு வந்து அளந்து, எந்தப் பக்கம் யாருக்கு, கிணறு எப்படிப் பொது, வண்டிப்பாதை எப்படி என்று வரைபடத்தோடு அறிக்கை தருவார். அன்று நீங்களோ உங்கள் ஆளோ நிலத்தில் நிற்க வேண்டும். பாதையில்லாத மூலை உங்களுக்கு விழுந்தால், அறிக்கைக்கு உடனே ஆட்சேபணை போட வேண்டும். பிரிக்க முடியாத சிறு வீடு என்றால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பிரிக்கவோ, பங்காளிகளில் ஒருவரே மதிப்புக் கொடுத்து எடுத்துக்கொள்ளவோ வழி உண்டு. இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, அதை வைத்து நிலத்தைச் சுவாதீனம் எடுத்து, தனிப்பட்டா வாங்கிய அன்றுதான் வழக்கு முடிந்தது.

முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பின் தனியாக வேறொரு மனுவுக்குக் காத்திராமல் நீதிமன்றங்களே இறுதி நடவடிக்கைக்குச் செல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியிருக்கிறது. எப்போதோ முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பவர்கள், அதை எடுத்துக்கொண்டு மறுபடி வழக்கறிஞரைப் பாருங்கள்.

காலம் கடந்துவிட்டதா?

"அத்தா போயி இருபது வருஷம் ஆச்சே" என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு வாரிசு மட்டும் நிலத்தை வைத்து உழுது அனுபவித்தாலும், அது எல்லா வாரிசுகளுக்காகவும் அவர் வைத்திருப்பதாகவே சட்டம் கருதும். முஸ்லிம் குடும்பம் ஒன்றின் பாக வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, 1956-இன் சட்ட இதழ்களில் அந்தத் தீர்ப்பு வெளியாகியுள்ளது. மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவருக்குத் தெரியும்படி 12 ஆண்டுகள் அனுபவித்தால்தான் உரிமை பறிபோகும். ஆகவே "உனக்குப் பங்கு கிடையாது, போ" என்று முகத்துக்கு நேரே சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து கடிகாரம் ஓடுகிறது.

இன்னும் இரண்டு செய்திகள்

வங்கிப் பணத்துக்குப் பாக வழக்குத் தேவையில்லாமலே முடியலாம். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்குபவர் மட்டுமே, வாரிசுகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. தகராறு இருந்தால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று வேறு, இது வேறு.

யத்தீம் பிள்ளைகளின் சொத்தை விற்பதற்குப் பெற்ற தாய்க்கோ பெரியப்பாவுக்கோ சட்டப்படி தானாக அதிகாரம் கிடையாது. நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, அனுமதி வாங்கியே விற்க வேண்டும். பிள்ளை வளர்ந்து வந்து கேள்வி கேட்கும் நாள் ஒன்று உண்டு என்பதை வாங்குபவர்களும் மறக்க வேண்டாம்.

நிறைவாக

வழக்குப் போட்டால் பிறந்த வீட்டு உறவு போய்விடும் என்ற அச்சம் பொய்யானதல்ல. பெருநாளுக்கு அழைப்பு நின்றுவிடும், பிள்ளைகளின் நிக்காஹில் மாமன் வந்து நிற்காமல் போவார். அதை அனுபவித்த சகோதரிகளை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் உறவை முறிப்பவர் பங்கைக் கேட்பவரா, பங்கைத் தடுப்பவரா என்று நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். தொழுகையில் முதல் வரிசையில் நின்றுகொண்டு தங்கையின் 87½ சென்ட்டை உழுதுகொண்டிருப்பது லேசான காரியமல்ல.

எனவே சகோதரர்களுக்குத்தான் நம் முதல் வேண்டுகோள். அத்தாவின் கடனைத் தீர்த்த கையோடு, இத்தா முடிந்த சில நாட்களில், யாரும் கேட்குமுன் நீங்களே ஹஜ்ரத்தை அழைத்துக் கணக்குப் போடுங்கள். பட்டாவில் தங்கைகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப்பட்டாவாக மாற்றுங்கள். அப்படிச் செய்யும் வீட்டில் வழக்குக்கு வேலையே இல்லை.

சகோதரிகளுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். துக்கத்தின் நடுவில் பதிவு அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். பேசிப் பாருங்கள். பேச்சு தோற்றால் தயங்காமல் நீதிமன்றப் படியேறுங்கள். அல்லாஹ் வகுத்துக் கொடுத்த பங்கைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்ஷா அல்லாஹ், உங்கள் பங்கு உங்கள் கைக்கு வந்து சேரும்.